வேலாயுதம் அண்ணனின் தீவு

காலை ஷிப்டுக்குப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஆள் ஏற்றி வரும் பேருந்து அன்றைக்கு இருபது நிமிடம் தாமதமாக, ஷிப்டு தொடங்கச் சற்று முன்புதான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் வேறு யாரோ இருந்தார். இறங்கிய பெண்களில் ஒருத்தி என்னைக் கண்டதும் அழுதாள். "வேலு அண்ணே விடியக்காலையில தவறிட்டாரு, நெஞ்சு வலியாம்," என்றாள். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, நேர அட்டையைக் குத்திவிட்டு, வேலைக்குப் போனேன். ஒரு நிமிடம்கூடத் தாமதமாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, அவருடைய பேருந்தில் வந்துபோன நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடப்போவதாகவும், பழைய நண்பன் நான்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னீர்கள். உங்களுக்கு அவர் ஓட்டுநர். மழையில் ஓடி வருகிற பெண்ணுக்காக வண்டியை நிறுத்தி வைத்தவர், திட்டு வாங்கினாலும் சிரித்தவர். எல்லாம் உண்மைதான். அவர் ஏன் ஓட்டுநரானார் என்று உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் கேட்டுத் தொலையுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் இதே தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் டெக்னீஷியன்கள். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, அண்ணன் ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்தார். கூடவே வந்தது ஒரே ஒரு ஆட்டம். அதில் சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது. டிவியில் இரண்டு தீவுகள், ஆளுக்கு ஒன்று. நம் தீவுக்கு நாம்தான் கடவுள். வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, கோட்டை கட்டலாம், பயிர் வைக்கலாம், மீன் படகு விடலாம். மேகம் மட்டும் தன் இஷ்டத்துக்கு வரும். அது பெய்தால் பயிர் பிழைக்கும், புயலானால் வீடு போகும். "பேருதான் கடவுள், மழை நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குதுலா," என்று அண்ணன் சிரிப்பார். எதிராளியின் தீவுக்குள் நாமே போய் அடிக்க முடியாது. ஆனால் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அவன் தீவில் ஒரு கலகக்காரன் முளைப்பான். நாம் இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய் வந்ததும் அவருடைய ஃப்ளாட்டில் ஆட்டம் தொடங்கும். மங்களம் அண்ணி சமைத்து முடிக்கும்வரை ஆடுவோம். ஆட்டத்தை இயக்க ஆளுக்கொரு கைப்பிடி, அதில் வெறும் எண் பொத்தான்கள்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு என்ன வேலை என்று படம் போட்ட அட்டையை அதன்மேல் செருகிக்கொள்ள வேண்டும். பெட்டியோடு வந்தது ஒரு அட்டைதான். அதை எனக்குக் கொடுத்துவிட்டு, தனக்குப் பழைய எக்ஸ்ரே பிலிமை அளவாக வெட்டி, தமிழில் எழுதிச் செருகிக்கொண்டார். நான் விடாமல் கலகக்காரர்களை அனுப்புவேன். அவர் ஒருமுறைகூட அனுப்பியதில்லை. ஏன் என்று கேட்டால், "ஆளுங்களுக்குச் சோறு போடவே நேரம் பத்தல," என்பார். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். மனுஷன் விவரம் போதாதவர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பிற்பாடு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

எங்கள் பிரிவில் ஷிப்டு மாறும்போது, அன்றைக்கு என்னென்ன கோளாறு என்று ஒப்படைப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாருமே பழியை இயந்திரத்தின் தலையில் போட்டு எழுதுவோம். இயந்திரம் வாய் திறக்காது. அண்ணன் மட்டும் 'இது என் கைத்தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். பைத்தியமா உங்களுக்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் எழுதலேன்னா, அடுத்து வர்றவன் இல்லாத கோளாறத் தேடி மெஷினக் கழட்டிக்கிட்டு நிப்பான், பாவம்," என்றார். அடுத்து வருகிறவன் நான்தான். என் ஷிப்டு அவருடையதற்கு அடுத்தது.

இரண்டு மூன்று வருடத்தில் வேலை குறைந்தது. பிரிவில் ஒருவர் போக வேண்டும், அவரா நானா என்ற நிலை. மேலாளர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அண்ணன் என்னை நல்ல வேலைக்காரன் என்று சொன்னதை மேலாளரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு, உங்கள் இருவரில் யார் அதிகம் தவறு செய்வது என்று கேட்டார். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேதான் இத்தனை காலம் தூங்கினேன். அண்ணனுக்கும் பள்ளிக்கூடம் போகிற மகள்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒப்படைப்புப் புத்தகத்தை எடுத்துப் போய் மேலாளரின் மேசைமேல் வைத்தேன்.

அதே வாரம் அவரை அனுப்பினார்கள். வேறெங்கும் அந்த வேலை கிடைக்காமல், லைசென்ஸ் எடுத்து, புக்கிட் மெர்தாஜாமுக்குக் குடிபோய், அதே வாசலுக்கு ஆள் ஏற்றிவரும் ஓட்டுநரானார். முதல் சில மாதங்கள் என்னைப் பார்த்தால் கண்ணாடியை இறக்குவார். "தம்பி, ஞாயித்துக்கெழம வாயேன், தீவு காஞ்சு கிடக்கு," என்பார். எனக்கு ஓவர்டைம் என்பேன். அப்புறம் அவர் கூப்பிடுவதில்லை, கையை மட்டும் உயர்த்துவார். நான் ஹெல்மெட் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். எத்தனையோ வருடம் அப்படிக் குனிந்தேன், வெட்கங்கெட்டவன்.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் மங்களம் அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார். அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை எடுத்து வைத்தார்.

"வேல போன அன்னைக்கு அவரு வீட்டுக்கு வந்து, 'என் கையெழுத்தத்தான் காட்டுனாங்க, நான் எழுதுனதுதானே'ன்னு சொன்னாரு. புத்தகம் கடைசியா யாரு கையில இருந்துச்சுன்னு நான் கேட்டேன். அவரு டிவியப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டாரு."

அண்ணி பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"அவரு உங்கள மன்னிச்சாரான்னு எனக்குத் தெரியாது, தம்பி. நான் மன்னிக்கல. வேணுங்கிறத எடுத்துக்கிட்டுப் போங்க."

பெட்டிக்குள் இரண்டு அட்டைகளும் இருந்தன. அண்ணனுடைய அட்டையில் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, பயிர், படகு, கோட்டை என்று அவருடைய குண்டு எழுத்து அப்படியே இருந்தது. கலகக்காரனுக்கான இடத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அட்டை செய்த நாளிலேயே அதை வெறுமனே விட்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை ஞாயிறு ஆடியும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அவர் நினைவாக எதை வைத்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவருடைய அட்டையைத் தொட எனக்குக் கை வரவில்லை. அது அவர் மகள்களுக்கு உரியது. என்னுடையதைத்தான் எடுத்து வந்தேன். அதில் எல்லாப் படங்களும் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன, கலகக்காரனைத் தவிர. அவன் இருந்த இடம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்துகிறது.