தம்பியிடம் யாரும் கேட்காத கேள்வி

அரியலூரில் ஒரு லாரியின் பேட்டரியைத் திருடியதாக என் தம்பி முருகேசனையும் அவன் சேக்காளி செல்வத்தையும் போலீஸ் பிடித்தது. தம்பிக்கு வயது முப்பது. புத்தி மட்டும் ஏழு வயதுப் பிள்ளையுடையது.

"கோர்ட்டுல புத்தி சரியில்லைன்னு சொல்லுங்க, விட்டுடுவாங்க" என்றார் வக்கீல். சொன்னேன். அவனுக்கு வழக்கு புரியாது என்று டாக்டரும் எழுதிக் கொடுத்தார். விசாரணையை நிறுத்திய மாஜிஸ்திரேட் என்னிடம், "வெளிய விட்டா நீங்க பொறுப்பா பார்த்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

"முடியாதுங்கய்யா, வூட்டுல ஆள் இல்ல" என்றேன். பொய். கொஞ்ச நாள் எவனாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவனை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் செல்வம் டீ குடித்துக்கொண்டிருந்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றே மாதத்தில் வெளியே வந்துவிட்டானாம். "என்னண்ணே, முருகேசன் இன்னும் வரலயா?" என்று சிரித்தான். அறையத் தோன்றியது. ஆனால் தம்பியை உள்ளே வைத்தது நான்.

மறுநாள்தான் முதல்முறையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்? யாரும் சொல்லலண்ணே" என்றான் தம்பி.

பக்கத்தில் உட்கார்ந்து லாரி, பேட்டரி, போலீஸ் என்று மெதுவாகச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அது செல்வம் பேட்டரிண்ணே. அவந்தான் சொன்னான், தூக்குடான்னு" என்றான்.

என்ன நடந்தது என்று எட்டு மாதமாக ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை. கூடப் பிறந்த நானும் கேட்கவில்லை. அவனுக்கு நானே பொறுப்பு, வெளியே விடுங்கள் என்று இப்போது கோர்ட்டில் மனு போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.