சொந்தக்காரர் இல்லாத ஊர்

நிர்வாகி அண்ணை, என் மகளின் பேச்சைப் பறித்தது நீங்கள்தான். அவள் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு வரவில்லை. அதற்காக, ஆண்டு விழாவில் அவள் பேசவென்று ஒதுக்கிய இடத்தை, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு பிள்ளைக்குக் கொடுத்தீர்கள். அதைப் பெற்றோர் எல்லோரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் உங்கள் குரலில் பதிந்தும் போட்டீர்கள். "ஸ்பெயினுக்கு உலாப் போற ஆக்களுக்கு மேடை என்னத்துக்கு?" என்று கேட்டீர்கள். அந்த உலாவில் என்ன நடந்தது என்று நீங்கள் விசாரிக்கவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். பார்சிலோனாவுக்குப் போகாத மற்றவர்களும் வாசிக்கலாம்.

நான் சூரிச்சில் ஓர்லிகோன் பகுதியில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. மனைவி றஜனி மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறாள். மகள் அபிராவுக்கு எட்டு வயது, மகன் நிலவனுக்கு ஐந்து.

எங்கள் ஆட்கள் பயணம் போவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. லண்டன் போவோம், பாரிஸ் போவோம், டோட்முண்ட் போவோம். எல்லாம் ஒரு கலியாணம், ஒரு சாமத்தியவீடு, ஒரு தேர்த்திருவிழா. போய் இறங்கினால் மாமா வீடு, அங்கிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து திரும்பவும் மாமா வீடு. ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தவர்கள்தான் எங்களில் அதிகம். நாங்களும் அப்படித்தான். போன வருடம் இலையுதிர்கால விடுமுறை முடிந்து சுவிஸ் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் எந்த நகரத்துக்குப் போனாய் என்று கேட்டாராம். அபிரா "மாமா வீடு" என்றாளாம். அது எந்த நகரம் என்று கேட்டதற்குத் திரும்பவும் "மாமா வீடு" என்றாளாம். மூன்று நாடு பார்த்த பிள்ளை. அன்றைக்கு முடிவெடுத்தேன், எங்களுக்கு ஒருவருமே இல்லாத ஒரு ஊருக்குப் போவது என்று.

சூரிச் மாநிலப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு ஜோக்கர் நாள் என்று ஒன்று உண்டு. வருடத்தில் இரண்டு நாள் காரணம் சொல்லாமல் லீவு எடுக்கலாம். வெள்ளியும் திங்களும் எடுத்தோம். நடுவில் ஒரு சனிக்கிழமை வந்தது. தமிழ்ப் பள்ளி ரீச்சரிடம் முன்கூட்டியே சொன்னேன். "போயிட்டு வாங்கோ அண்ணை. அபிராவுக்குப் பேச்சு தண்ணிமாதிரிப் பாடம்" என்றார். இதை அவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓர்லிகோன் நிலையத்தில் நின்றோம். அங்கிருந்து விமான நிலையத்துக்கு ரயிலில் ஐந்தாறு நிமிடம்தான். ஒரு பெட்டியில் உடுப்பு. மற்றதில் ரைஸ் குக்கர், அரிசி, மிளகாய்த்தூள், தகரமீன். குக்கரைப் பார்த்து நான் சிரித்தேன். அதைவிட றஜனியின் கையில் ஒரு பை நிறையச் சொக்லேற்றும் ஒரு பெரிய துண்டு சீஸும்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரிக்கு. ஒரு வீட்டை வெறுங்கையோடை போறதே?"

"எடியே, அது வாடகை வீடு. காசு கட்டியாச்சு."

"வீடுதானே?"

அந்தப் பையையும் நான்தான் தூக்கினேன்.

விமானம் ஒன்றே முக்கால் மணிநேரம் பறந்தது. பார்சிலோனாவில் இறங்கி நகரத்துக்கு நீல நிற பஸ்ஸில் போனோம். நாங்கள் போனபோது ஆளுக்கு ஐந்து யூரோ தொண்ணூறு சதம். பஸ் நிற்குமிடம் பெரிய சதுக்கம். அங்கிருந்து மெட்ரோ எடுத்து கிராசியா என்ற பகுதிக்குப் போனோம். ஒடுங்கிய தெருக்கள், ஒவ்வொரு பல்கனியிலும் உலரும் உடுப்பு. எங்கள் கட்டடத்தின் பொதுத் தோய்ப்பறையில் சனிக்கிழமை உடுப்புத் தோய்க்க முறை கேட்டு நிற்கும் றஜனி, அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவையளுக்கு ஹவுஸ்வார்ட் இல்லைப் போலை" என்றாள். எங்கள் கட்டடப் பராமரிப்பாளரைத்தான் சொன்னாள். நாலு நாளும் அவள் பொறாமைப்பட்டது அந்த உடுப்புக் கொடிகளைப் பார்த்துத்தான்.

வீட்டுக்காரி பெயர் மொன்சே. ஐம்பது கடந்த பெண். இளவயதில் ஸ்ருட்காட்டில் வேலை செய்தவர், அதனால் ஜேர்மன் பேசினார். திறப்பைத் தந்துவிட்டு, குப்பை எங்கே போடுவது என்று காட்டிவிட்டுப் புறப்பட இருந்தார். றஜனி பையை நீட்டினாள். அவர் பைக்குள் பார்த்தார். திரும்பவும் எங்களைப் பார்த்தார்.

"ஏதும் உடைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. நாங்கள் ஒரு வீட்டுக்கு வந்தால் கொண்டுவருவோம்" என்று அபிரா ஜேர்மனில் சொன்னாள்.

எத்தனையோ பேருக்கு இந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன், ஒருவரும் எனக்கு ஒன்றும் கொண்டுவந்ததில்லை என்றார் மொன்சே. புறப்பட இருந்தவர் கதிரையில் இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பகல் பக்கத்துச் சதுக்கத்தில் எங்கள் ஆட்கள் மனிதக் கோபுரம் கட்டுகிறோம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், விருந்தாளியாக வாருங்கள் என்றார். றஜனி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசி. சுவிஸில் பிறந்த வயிறு மணிக்கூட்டைப் பார்த்துப் பசிக்கும். சாப்பாட்டுக் கடைகளில் கதிரைகள் மேசைக்கு மேல் கவிழ்ந்து கிடந்தன. எட்டரைக்கு வாருங்கள் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பி ரைஸ் குக்கரைப் போட்டோம்.

"குக்கர் காவுறன் எண்டு சிரிச்சவை இண்டைக்குச் சாப்பிட மாட்டினம்தானே?" என்று றஜனி கேட்டாள். நான் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை பார்சிலோனாவின் பேர்போன அந்தப் பெரிய தேவாலயத்துக்கு நடந்தோம். கிராசியாவிலிருந்து அரைமணி நடை. அன்றைய நாளுக்கான நுழைவுச் சீட்டெல்லாம் முடிந்துவிட்டது. இணையத்தில் முன்பே எடுக்க வேண்டுமாம். போகிறவர்கள் கவனிக்கவும். வெளியே நின்று பார்த்தோம். வெளியே நின்று பார்க்கவே கழுத்து வலிக்கும் உயரம். கல்லில் பழங்கள், ஆமை, மரங்கள். உச்சியில் பாரந்தூக்கிகள்.

"அப்பா, இன்னும் கட்டி முடிக்கேல்லையோ?" நிலவன் கேட்டான்.

"இல்லையடா. நூறு வருசத்துக்கு மேலை கட்டுகினம்."

"எங்கடை வீட்டுக்கு முன்னாலை ரோட்டுக் கிண்டுற மாதிரியோ?"

"ஓம், அதைவிடக் கொஞ்சம் கெதி."

அபிரா மெட்ரோவில், தெருவில், எங்கே நின்றாலும் பேச்சைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை அவளும் தாயும் சேர்ந்து எழுதினார்கள். தலைப்பு, நான் ஏன் தமிழ் படிக்கிறேன். ‘சபையோருக்கு வணக்கம். நான் பிறந்தது சூரிச்சில். என் அம்மா பிறந்தது சாவகச்சேரியில். நாங்கள் இருவரும் சண்டை பிடிப்பது தமிழில்.’ இப்படித் தொடங்கும். நல்ல பேச்சு. என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை.

பகல் பன்னிரண்டரைக்கு சியுதடெல்லா பூங்காவில் இருந்தோம். அங்கே சின்னக் குளம் ஒன்றில் துடுப்புப் படகு வாடகைக்கு விடுகிறார்கள். நான் துடுப்புப் போட்டேன். அபிரா படகின் நுனியில் இருந்து வாத்துகளுக்குப் பேச்சுச் சொன்னாள். அப்போதுதான் றஜனியின் தொலைபேசியில் உங்கள் குரல் வந்தது, நிர்வாகி அண்ணை. அவள் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு என்னிடம் தந்தாள். நான் துடுப்பை விட்டுவிட்டுக் கேட்டேன். படகு தன்பாட்டில் சுற்றியது.

"அவளுக்கு இப்ப சொல்லாதேங்கோ" என்றாள் றஜனி மெதுவாக. "வீட்டை போய்ச் சொல்லுவம்."

"இப்பவே அந்தாளுக்கு எடுத்துக் கதைக்கிறன்."

"எடுத்துக் கத்தினால் பிள்ளைக்கு விளங்கும். இருங்கோ பேசாமல்."

நான் துடுப்பைத் திரும்ப எடுத்தேன். வாத்துகளிடம் அபிரா, "நன்றி, வணக்கம்" என்று கை கூப்பி முடித்தாள்.

ஞாயிறு பகல் சதுக்கத்துக்குப் போனோம். மொன்சே வெள்ளைக் காற்சட்டையும் இடுப்பைச் சுற்றி நீளமான கறுப்புத் துணியும் கட்டியிருந்தார். அவரைப்போல நூறுபேருக்கு மேல் இருக்கும். பல் வைத்தியர், பேக்கரிக்காரன், ஓய்வூதியக்காரர், மாணவர்கள் எல்லோரும் ஒரே உடுப்பு. முதலில் பலசாலிகள் நடுவில் நிற்க, மற்றவர்கள் சுற்றிச் சுற்றி நெருக்கி ஒரு அடித்தளம் போட்டார்கள். ஒருவர் முதுகில் மற்றவர் நெஞ்சு, முன்னால் நிற்பவர் முதுகில் கை. அதற்கு மேல் ஆட்கள், அவர்கள் தோளில் ஆட்கள்.

அடித்தளத்துக்கு ஆள் காணாது என்று மொன்சே என்னைக் கையைப் பிடித்து இழுத்தார். "நான் சுவிஸ்காரன்" என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. "இரண்டு கை இருக்கிறதுதானே?" என்றார். போனேன். ஒரு மொட்டைத்தலைப் பெரியவரின் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். என் முதுகில் யாரோ தள்ளினார்கள். தலையைக் குனியச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது அந்தப் பெரியவரின் கழுத்து வியர்வை மட்டும். ஒரு குழல் வாத்தியம் ஊதியது. மேலே யார் ஏறுகிறார்கள் என்று கீழே நிற்பவனுக்குத் தெரியாது. வாத்தியத்தின் மெட்டு மாறினால் பிள்ளை உச்சிக்குப் போய்விட்டது என்று அர்த்தமாம். மாறியது. சதுக்கம் கத்தியது.

என் இரண்டு பிள்ளைகளும் பார்த்ததை நான் பார்க்கவில்லை. நிலவன்தான் பிறகு சொன்னான். "அப்பா, அக்கா அளவு ஒரு பிள்ளை! ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏறினவ! ஆறு மாடி! உச்சியிலை நிண்டு கையைத் தூக்கினவ!"

"நீ தள்ளினதாலைதான் அப்பா, கோபுரம் விழேல்லை" என்றாள் அபிரா. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைப் பெரிதாக வைத்திருக்கிறேன்.

முடிந்தபின் நீளமான மர வாங்கில்களில் உட்கார்ந்து தக்காளி தேய்த்த ரொட்டி சாப்பிட்டோம். அறிவிப்புப் பலகைகளில் ஏன் இரண்டு பாஷை என்று அபிரா மொன்சேயைக் கேட்டாள். ஒன்று ஸ்பானிஷ், மற்றது எங்கள் கத்தலான் என்றார். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் கத்தலான் படிப்பிக்கவில்லை, தாய்தான் வீட்டில் எழுதப் பழக்கினார் என்றார். பிறகு கேட்டார்: "நீ எந்நேரமும் முணுமுணுக்கிறாயே, அது என்ன?"

"பேச்சு. தமிழ்ப் பள்ளி மேடையில் சொல்லப்போகிறேன்."

றஜனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இங்கே சொல்லேன்" என்றார் மொன்சே. மொட்டைத்தலைப் பெரியவர் மேசையில் தட்டி எல்லோரையும் அடக்கினார். அபிரா வாங்கில் மேல் ஏறினாள். வணக்கம் சொன்னாள். சூரிச் வந்தது, சாவகச்சேரி வந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். உடனே நிலவன் வாயில் ரொட்டியோடு அடுத்த வரியைக் கத்தினான். கேட்டுக் கேட்டே அவனுக்கு முழுப் பேச்சும் பாடம்.

"நீ வாயைப் பொத்து! எனக்குத் தெரியும்!" என்று அவள் வாங்கிலில் நின்று ஏசினாள். தமிழில்தான் ஏசினாள். பிறகு பிசகாமல் முடித்தாள். ஒரு சொல்லும் விளங்காத அந்தச் சனம் எழும்பி நின்று கைதட்டியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த ஊரில் சொந்தம் ஒருவரும் இல்லை. அன்றைக்கு ஒருவரும் தேவைப்படவும் இல்லை.

திங்கட்கிழமை மாலை சூரிச்சில் இறங்கினோம். எல்லாம் சுத்தம், எல்லாம் நேரத்துக்கு. ரயிலுக்கு நிற்கும்போது அபிராவுக்குச் சொன்னேன். இனியும் மறைத்தால் அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னும் கேள்விப்படுவாள். அவள் அழவில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நான் பாடமாக்கினனான்தானே அப்பா? என்ன பிழை விட்டனான்?"

ரயில் வந்தது. நான் பெட்டிகளை ஏற்றினேன்.

நிர்வாகி அண்ணை, லண்டன் கலியாணத்துக்குப் போய் இரண்டு சனிக்கிழமை வராத பிள்ளைகள் இந்தப் பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களின் இடத்தை நீங்கள் தொடவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் லீவு, ஊர் பார்க்கப் போனால் குற்றம் என்பது எந்தச் சட்டம்? பேச்சுக் கிடைத்த மற்றப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. அவளும் பேசட்டும். ஆறு மணிநேரம் நடக்கும் விழாவில், பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தும் விழாவில், இன்னொரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் இல்லையா? நூறு பேர் கீழே நின்று முதுகு கொடுத்து, எட்டு வயதுப் பிள்ளையை மேலே ஏற்றியதில் கைகொடுத்துவிட்டு வந்தவன் நான். மேலே ஏற நின்ற பிள்ளையை நீங்கள் இழுத்து இறக்கினீர்கள்.

எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் குரல் பதிவும் வேண்டாம். விழாவுக்கு முன் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அபிராவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், முன் வரிசையில் இருப்பாள். ஒலிவாங்கியைப் பிடித்து, எல்லோரும் கேட்க, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அவள் விட்ட பிழை என்ன?