பதினோராவது சட்டை

ஏப்ரல் 19, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இரண்டு டம்ளர் வெந்நீர். நாற்பது நிமிட நடை — ஓட்டல் காம்பவுண்டுக்குள்ளேயே பதினாறு சுற்று. ஷேவிங், குளியல், டைரி. ஏழேகாலுக்கு எழுதியது இது: ‘மொம்பாசா. மேகமூட்டம். மழை இல்லை. ஆள் 11. எல்லோரும் நலம்.’

கடற்கரைக்கு ஓய்வெடுக்க வந்தவன் எதற்காக ஆளை எண்ணி எழுத வேண்டும்? என் மனைவி சாந்தாமணியும் அதைத்தான் கேட்டாள்.

“ஏனுங்க, இங்க வந்துமா கணக்கு? லீவுக்கு வந்திருக்கறோமுங்க.”

திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் குவாலிட்டி பார்த்தவன் நான். கென்யாவுக்கு வந்து மூன்று வருடம். நைரோபிக்கு வெளியே ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் அதே வேலை. எண்ணாமல் இருப்பது எப்படி என்று இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஈஸ்டருக்கு நான்கு நாள் லீவு. மூன்று குடும்பம் சேர்ந்து ரயிலேறினோம். நாங்கள் மகளோடு மூன்று பேர். நிட்டிங் பார்க்கும் கதிர்வேல் குடும்பம் நான்கு பேர் — கணியூர்க்காரர், அமராவதி வாய்க்காலுக்கு மேல் தண்ணீர் பார்த்ததில்லை என்று அவரே சொல்வார். தையல் ஃப்ளோர் பார்க்கும் செல்வின் குடும்பமும் நான்கு பேர். செல்வின் தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்துக்காரர். பதினைந்து வருடம் திருப்பூரில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். மனைவி ஜெனிதா. மகன் பெரியவன். மகள் ரூபிக்கு ஆறு வயது.

எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-சர்ட் — இந்த யோசனை என்னுடையது. ஷேடு மாறிப் போனதால் நானே ரிஜெக்ட் செய்த லாட்டில் ஆரஞ்சு ரவுண்ட் நெக் கொஞ்சம் கிடந்தது. அனுமதி வாங்கி, சைஸ் வாரியாகப் பதினொன்று எடுத்து வைத்தேன். கூட்டமான கடற்கரையில் தூரத்திலிருந்து பார்த்தாலும் நம் ஆட்கள் தெரிய வேண்டாமா?

“ஏனுங்ணா, நீங்க ரிஜெக்ட் பண்ணுன சட்டைய நீங்களே போட்டுக்கறீங்ளே,” என்றார் கதிர்வேல். “இதுல ஷேடு எங்கீங் மாறியிருக்குது? எல்லாம் ஒண்ணாட்டத்தான் தெரியுது.”

“வெயில்ல பாருங்க, தெரியும்.”

“கடலுக்குத் தெரியாதுங்ணா.”

ஒன்பதரைக்குக் கடற்கரையில் இருந்தோம். சரியான கூட்டம். ஒட்டகச் சவாரி, காற்றடித்த டியூபை வாடகைக்கு விடுபவர்கள், மரவள்ளிக்கிழங்கை மெலிதாகச் சீவிப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூள் தூவித் தரும் பெண்கள். கடல் உள்வாங்கியிருந்தது. நூறு அடி நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. கதிர்வேல் மட்டும் கரையிலேயே நின்றுகொண்டார்.

எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாக்கெட் நோட்டு. கால் மணிக்கு ஒரு தரம் எண்ணுவது என்று முடிவு செய்துகொண்டேன். என்னை ஒன்று என்று வைத்து, ஆரஞ்சு முதுகுகளைத் தொடர்ந்து எண்ண வேண்டியதுதான். 9.45 — 11. 10.00 — 11. 10.15 — 11. அழகாக வந்துகொண்டிருந்தது. செல்வின் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சார், எங்க ஊர்ல கட்டுமரம் கரைக்கு வந்தாத்தான் எண்ணுவோம். நீங்க காலே நனையாம எண்ணுதீங்க.”

10.45 — 11. ஐந்து நிமிடம் கழித்து ஜெனிதா வந்தார். கையில் ஈர டவல். கண் கடலைத் துழாவிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ரூபிய பாத்தீங்களா? இங்கனதான் இருந்தா.”

“இருக்கறாம்மா. இப்பத்தான் எண்ணுனேன். பதினொண்ணும் சரியா இருக்குது.”

“அப்பம் சரிண்ணே. அவங்கப்பாகூட நிப்பா,” என்று அவர் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

11.00 — 11.

பதினொன்று இரண்டுக்கு ஜெனிதா எழுந்தார். எங்களுக்குப் பத்தடி தள்ளிக் கிடந்த காலி நாற்காலிக்குப் போய், அதன் முதுகில் மாட்டியிருந்த சின்ன ஆரஞ்சு சட்டையை எடுத்து, காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்.

நான் எழுந்து நின்று மறுபடி எண்ணினேன். பத்து.

“அது யாரோட சட்டைம்மா?”

“ரூபியோடதுண்ணே. நனைஞ்ச சட்டைல மணல் குத்துதுன்னு அழுதா. பத்தரைக்கே கழட்டிட்டு நீலக் கவுன் போட்டுவிட்டேன்.”

நாற்காலியின் முதுகில் மாட்டிய சட்டை, தூரத்திலிருந்து பார்த்தால், குனிந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் போலத்தான் இருந்தது. அதை நான் இரண்டு தரம் எண்ணியிருந்தேன். இரண்டு தரம் நோட்டில் எழுதியிருந்தேன்.

நான் சொல்வதற்குள் ஜெனிதாவுக்குப் புரிந்துவிட்டது. சட்டை கையில் இருக்க, கடலைப் பார்த்தார். “செல்வின்” என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். அந்தக் குரலுக்குச் செல்வின் தண்ணீரிலிருந்து ஓடி வந்தார்.

கடற்கரைக் காவலர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார். என்ன உடை? நீலக் கவுன். எவ்வளவு உயரம்? முடி எப்படி? முகத்தில் அடையாளம் ஏதாவது?

எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுகிற குழந்தை. அவள் சட்டையைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் — சிங்கிள் ஜெர்சி துணி, எடை நூற்றெண்பது ஜிஎஸ்எம், மார்பு அளவு இவ்வளவு, இடது கையில் தையல் கொஞ்சம் சுருக்கம். சட்டைக்குள் இருந்தவளைப் பற்றி ஆறு வயது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஜெனிதாதான் பின்னால் வந்து சொன்னார். இரட்டைச் சடை. மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை. வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

செல்வின் ஈர மணலில் நின்று கடலை இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு திரும்பினார்.

“தண்ணில இல்ல சார். இம்புட்டுத் தண்ணிக்கு விழுந்தாலும் யாரு கண்ணுலயாவது பட்டிருக்கும். காத்து தெக்க இருந்து அடிக்கி. சின்னப் புள்ள காத்துக்கு முதுகக் காட்டித்தான் நடக்கும். நான் வடக்க போறேன். நீங்க ரோட்டுப் பக்கம் பாருங்க.”

குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார்.

கதிர்வேல் அதுவரை நனைக்காத காலோடு தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பு வரை போய், டியூபில் மிதக்கும் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். சாந்தாமணி மற்ற குழந்தைகளைக் கையோடு கை கோக்க வைத்து ஓரிடத்தில் உட்கார்த்தினாள். நான் ரோட்டுக்கும் கரைக்குமாக நடந்தேன். எத்தனை நீலக் கவுன்... நீலத்தில் அத்தனை ஷேடு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதினொன்று இருபத்தாறுக்குச் செல்வின் வந்தார். தோளில் ரூபி. பக்கத்தில் கிழங்கு விற்கும் ஓர் அம்மா. வடக்கே அரை கிலோமீட்டரில் தனியாக நடந்த குழந்தையைப் பிடித்து, தன் கடை நிழலில் உட்கார வைத்து, கையில் ஒரு பொட்டலமும் கொடுத்திருக்கிறார். குழந்தை வாயெல்லாம் மிளகாய்த்தூள்.

“எங்கட்டி போன?” என்றார் ஜெனிதா.

“ஒட்டகம் எங்க படுத்துத் தூங்கும்னு பாக்கப் போனேம்மா.”

ஜெனிதா அவளை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அழுதார். கிழங்குக்காரம்மா அவர் முதுகைத் தடவி, “போலே மாமா, போலே” என்றார். பாவம் தாயே, மனசைத் தேற்றிக்கொள் என்பதற்கு இந்த ஊர்ச் சொல்.

மதியம் எல்லோரும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தோம். கதிர்வேல் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

“ஏனுங்ணா, அடுத்த தடவ முதுகுல நம்பர் பிரிண்ட் போட்டுரலாமுங்களா?”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றார் அவர் மனைவி.

நான் ஜெனிதாவிடம், தப்பு என்னுடையது என்றேன். அவர் ரூபிக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார்:

“உங்க மேல கோவம் இல்லண்ணே. புள்ள எங்கன்னு தேடி வந்தவ, நீங்க பதினொண்ணுன்னதும் காலை நீட்டி உக்காந்துட்டேன் பாருங்க. அதத்தான் நினைச்சுக்கிட்டே இருக்கேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறைக்கு வந்தும் அதுதான் ஓடியது. திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும், காலையில் தையல் லைனுக்கு மேலே போர்டில் முதலில் எழுதுவது என்ன? ஆள் எண்ணிக்கை. நாற்பதுக்கு முப்பத்தெட்டு. எழுதியதும் வேலை ஆரம்பமாகிவிடும். வராத இரண்டு பேர் யார், ஏன் வரவில்லை? அது அடுத்த மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். நானும் அந்தப் போர்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனவன்தான், இருபத்திரண்டு வருடம். எண் சரியாக இருந்தால் கண் அதற்கு மேல் வேலை செய்வதில்லை. என் கண் மட்டும்தான் அப்படி என்றால் சந்தோஷம்.

அன்று டைரியில், நோட்டில் இருந்த 10.45-ஐயும் 11.00-ஐயும் அப்படியே படியெடுத்து, பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதினேன். அடிக்கவில்லை. தவறான என்ட்ரியை அடிக்காமல் வைத்திருப்பது எங்கள் வேலையில் பழக்கம்.

மறுநாள் ஈஸ்டர். ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீர் குடிக்கவில்லை, நடக்கவில்லை, டைரியைத் திறக்கவில்லை. செல்வின் குடும்பம் காலைப் பூசைக்குக் கிளம்புகிறது என்று தெரியும். ஆறு மணிக்கு முதல் வேலையாக அவர்கள் அறைக் கதவைத் தட்டினேன். ரூபிதான் திறந்தாள். வெள்ளைக் கவுன். நான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். வலது புருவத்தில் தழும்பு, நெல் அளவு. முன்பல் விழுந்த இடத்தில் புதுப் பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் — அதை அவள் அம்மாகூடக் காவலரிடம் சொல்லவில்லை.

“என்ன மாமா அப்படிப் பாக்கீங்க?”

“நூறு சதவீதச் செக்கிங், கண்ணு,” என்றேன்.