பூனை ஹோட்டல்

எங்கள் பக்கத்தில் நல்ல சாப்பாடு கிடைக்கிற இடம் எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. திருவனந்தபுரம் வருகிற நண்பர்கள் எங்கே சாப்பிடலாம் என்று போனில் கேட்டால் இன்றைக்கும் எனக்குத் திண்டாட்டம்தான். இடம் தெரியும், வழி தெரியும், எத்தனை மணிக்குப் போனால் சூடாகக் கிடைக்கும் என்பதும் தெரியும். பெயர்தான் தெரியாது. எனக்குத் தெரிந்த பெயர்களெல்லாம் என் மாமா வைத்தவை. அவற்றை நாலு பேர் காதுபடச் சொன்னால் என்ன ஆகும் என்பதை என் ஏழாவது வயதில் ஊர் முழுவதும் கேட்கத் தெரிந்துகொண்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காக இருந்துகொண்டு கரமனையில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அப்பாவுக்குக் கண்ணூரில் பாங்கு உத்தியோகம். மாதத்துக்கு ஒரு தடவை வருவார், வந்த களைப்புத் தீருவதற்குள் கிளம்பிவிடுவார். ஆகவே வீட்டில் ஆண்துணை என்று இருந்தது மாமாதான். அந்தத் துணைக்குச் சனிக்கிழமைதோறும் நாலு மணிக்குப் பசி வந்துவிடும்.

அம்மாவுக்கு வெளியில் சாப்பிடுவது அறவே ஆகாது. எந்தத் தண்ணீரோ, எத்தனை நாள் எண்ணெயோ என்பாள். அதனால் மாமாவும் நானும் சனிக்கிழமை லைப்ரரிக்குப் போனோம். உண்மையிலேயே போனோம். முதலில் கைக்கு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவோம், அவ்வளவுதான். ஒரே புத்தகத்தை நான் மூன்று வாரம் தொடர்ந்து எடுத்து வந்ததை அம்மா கவனிக்கவில்லை.

"போர்டு வெச்ச எடத்துல சாப்பாடு நன்னா இருக்காது, கேட்டயா. சாப்பாடு நன்னா இருந்தா போர்டு எதுக்காக்கும்?" என்பது மாமாவின் சித்தாந்தம். அவர் கூட்டிப்போன இடங்கள் எல்லாம் யாருடைய வீட்டு முன்னறையாகவோ, சைக்கிள் கடைக்குப் பின்னால் இறக்கிய சாய்ப்பாகவோ இருந்தன. கைமனத்தில் ஓர் அம்மாள் தையல் மெஷினுக்கும் ஆப்பச் சட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு தொழிலையும் ஒரே அறையில் நடத்தினாள். அது தையல் கடை. ஆற்றங்கரைப் பக்கம் ஒருவர் புட்டும் கடலையும் வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டால் முறைப்பார். அது கோபக்காரர் கடை. கிள்ளிப்பாலத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்லாப்பெட்டிமேல் ஒரு சாம்பல்நிறப் பூனை எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும் கடைதான் பூனை ஹோட்டல். அங்கே ரசவடை கிடைக்கும். வடையை ரசத்தில் ஊறப்போட்டு, கிண்ணத்தில் மிதக்க மிதக்கத் தருவார்கள். அந்தக் கடையில் பூனை அவ்வளவு விசுவாசமாகக் குடியிருந்ததன் காரணத்தை யோசிக்க எனக்கு வயசு போதாது. மாமாவுக்கு வயசு போதும், ஆனாலும் அவர் எப்போதும் சமையலறைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

இந்தப் பெயர்களெல்லாம் அம்மா எதிரிலேயே பேசிக்கொள்வதற்காக ஏற்பட்டவை. "பூனையைப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்று மாமா பெருமூச்சு விட்டால் அம்மா அதை ஜீவகாருண்யம் என்று எடுத்துக்கொள்வாள். "அம்மாகிட்ட மூச்சு விடப்படாது" என்று மாமா என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். ஏழு வயதில் சத்தியம் பெரிய சமாசாரம்.

இனி பொங்காலை நாள். ஆற்றுகால் பகவதிக்கு ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் மூன்று செங்கல்லை அடுக்கி மண்பானையில் பொங்கலிடுகிற நாள் அது. கோயிலைச் சுற்றி மைல் கணக்கில் ரோட்டின் இருபக்கமும் அடுப்பு. பஸ் ஓடாது, ஆபீஸ் கிடையாது. காலையில் கோயில் அடுப்பில் தீ மூட்டியதும் ஊரிலுள்ள அத்தனை அடுப்பும் எரியத் தொடங்கும். மத்தியானம் பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்தால்தான் நைவேத்யம். அதுவரை பொங்கலிடுகிறவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். தீ மூட்டிவிட்டால் அடுப்பை விட்டு எழுந்திருப்பதும் கிடையாது.

அப்பாவுக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் கிடைக்க வேண்டும் என்று அம்மா மூன்று வருஷம் தொடர்ந்து பொங்காலை இடுவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். அது மூன்றாவது வருஷம். முதல் நாள் சாயங்காலமே போய் மணக்காட்டு ரோட்டில் இடம் பிடித்துச் செங்கல்லை வைத்துவிட்டு வந்தாள். விடிவதற்குமுன் குளித்துக் கிளம்பும்போது எங்கள் இரண்டு பேருக்கும் அவலும் பழமும் எடுத்துவைத்தாள்.

"நான் பிரசாதம் கொண்டுவர வரைக்கும் ஆத்துல யாரும் வேற ஒண்ணும் வாயில வைக்கப்படாது. நேந்துண்டது எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்குமாக்கும்" என்று மாமாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மாமா பத்து மணிவரை தாக்குப்பிடித்தார். நியாயமாகச் சொன்னால் ஒன்பதே முக்கால் வரை. அவல் தீர்ந்த பிறகு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பிறகு என் எதிரில் குந்தி உட்கார்ந்து, ரகசியக் குரலில், பூனை ஹோட்டல்காரர் போலீஸ்காரர்களுக்காகவும் வாலண்டியர்களுக்காகவும் இன்றைக்குக் கடை திறக்கிறார் என்றார். அம்மா இருப்பது மணக்காட்டில், கடை இருப்பது கிள்ளிப்பாலத்தில், போய்விட்டுப் பதினொன்றுக்குள் வந்துவிடலாம் என்று கணக்கும் சொன்னார். நான் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டேன்.

கரமனையிலிருந்து கிள்ளிப்பாலம் போகிற ரோட்டில் கால் வைக்க இடமில்லை. இரண்டு வரிசை பெண்கள், நடுவில் ஒற்றையடிப்பாதை மாதிரி ஒரு வழி. மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பானைகளைத் தாண்டித் தாண்டிப் போனேன். திடீரென்று எங்கோ வெடி போட்டார்கள், குலவைச் சத்தம் ரோடு நெடுகிலும் ஓடி வந்தது. தீ மூட்டியாயிற்று. அடுத்த நிமிஷம் ஆயிரம் அடுப்பின் ஓலைப்புகையும் ஒன்றாக எழும்பி என் முகத்தில்தான் வந்து இறங்கியது போலிருந்தது. இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினேன். இரண்டு கையாலும் கசக்கினால் விரலை விட்டாக வேண்டும். கண்ணைத் திறந்து பார்த்தபோது எட்டிப் பிடித்த வேட்டி வேறு யாருடையதோ.

அப்புறம் எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் புகையும் புடவையும்தான். கடைசியில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் போலீஸ் என்னைத் தூக்கி, பந்தல் போட்ட ஓர் எய்ட் போஸ்டில் மேசைமேல் உட்காரவைத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் ஒருவர் மைக்கை வைத்துக்கொண்டு, காணாமல் போன பர்ஸ்களையும் பாட்டிகளையும் பற்றி மலையாளத்தில் அறிவித்துக்கொண்டிருந்தார்.

"மோளே, அம்மயுடெ பேரெந்தா?" என்று போலீஸ்காரி கேட்டாள்.

அம்மாவின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். இனிஷியலோடு தெரியும். ஆனால் அதைச் சொன்னால் மைக்கில் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அம்மா வருவாள். வந்தால் எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்பாள். மாமா மாட்டிக்கொள்வார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் நான் மாமாவைக் காட்டிக்கொடுப்பதாக இல்லை.

"அறியில்லா" என்று தெரியாதவள் மாதிரி சொன்னேன்.

போலீஸ்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோடு வந்தாய் என்று கேட்டதற்கு மாமாவோடு என்றேன். மாமாவின் பெயர் என்ன என்றால், மாமா. வீடு கரமனை, ஆனால் வீட்டில் யாரும் இல்லை.

"மாமன் இப்போ எவிடெ காணும்?"

மாமா இருக்கிற இடத்தைச் சொல்வதில் தப்பில்லை என்று பட்டது. பெயரை வைத்ததே யாருக்கும் புரியாமல் இருக்கத்தானே.

"பூச்ச ஹோட்டலில்" என்று பூனையை மலையாளமாக்கிச் சொன்னேன்.

மைக் வைத்திருந்தவர் கடமை தவறாதவர். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் அறிவித்தார். பச்சைப் பாவாடை கட்டிய, ஏழு வயதுள்ள, தமிழ் பேசும் ஒரு பெண்குழந்தை எய்ட் போஸ்டில் இருக்கிறது, "பூச்ச ஹோட்டலில் உள்ள மாமன் உடனெ எத்திச்சேரணம்" என்று மூன்று தடவை கூப்பிட்டார். ரோடு நெடுக ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு ஒலிபெருக்கி. பூச்ச ஹோட்டல், பூச்ச ஹோட்டல் என்று அது மணக்காடுவரை போய்த் திரும்பி வந்தது. அடுப்பெதிரில் உட்கார்ந்திருந்த பெண்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மாமா அறிவிப்பில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். எய்ட் போஸ்ட் அவர் காதில் விழவில்லை, பூனை ஹோட்டல் விழுந்தது. நான் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்துக் கடைக்கு ஓடியிருக்கிறார். கல்லாவில் பூனை மட்டும் இருந்ததைக் கண்டதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். தன் கடைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே கடைக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரியும். பூனையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தவர், விஷயம் விளங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எய்ட் போஸ்டைத் தேடி வந்தார். என்னைப் பார்த்ததும், "இது நம்முடெ சனியாழ்ச்சக் குட்டியல்லே" என்று சனிக்கிழமை வாடிக்கையை அடையாளம் கண்டுகொண்டார். முன்பின் தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி எனக்கு உயிர் வந்தது. போலீஸ்காரி அவரை நம்பிவிடவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்தபடி கூடவே வந்தாள். கடை ஐம்பது அடி தூரத்தில்தான் இருந்தது.

மாமா என்னைப் பார்த்து எழுந்தார். திட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. என் தலையில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. எனக்கோ எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று ஒரே ஆனந்தம். மாமா கிடைத்தாகிவிட்டது, அம்மாவுக்குத் தெரியாது, ரசவடைக் கடைக்கும் வந்து சேர்ந்தாயிற்று. கேட்காமலேயே கிண்ணம் வந்தது. போலீஸ்காரியும் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டு, குழந்தைக்கு முதலில் அம்மா பெயரைச் சொல்லிக்கொடுங்கள் என்று மாமாவுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது வடையில் கை வைத்தபோது சந்து முனையில் அம்மா தெரிந்தாள்.

பச்சைப் பாவாடை அம்மா தைத்தது. மூன்று தடவை அறிவித்தபோது மூன்று தடவையும் கேட்டிருக்கிறாள். கையில் கரண்டி, புடவைத் தலைப்பெல்லாம் சாம்பல், காலில் செருப்பில்லை. மணக்காட்டிலிருந்து அந்தப் புகைக்குள் ஓடி வந்தவளை எய்ட் போஸ்டில் இங்கே அனுப்பியிருந்தார்கள். மாமா எழுந்து நின்று, "அக்கா, நான்..." என்றார்.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என் கை, கால், முகம் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வாயோரத்தில் இருந்த ரசத்தைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு என் பக்கத்தில் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். கடைக்காரருக்கு யார் உட்கார்ந்தாலும் முன்னால் கிண்ணத்தை வைத்துத்தான் பழக்கம். வைத்தார்.

"அடுப்பு?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

அம்மா கிண்ணத்தைக் கிட்டே இழுத்தாள். மாமா பதறிப்போய், "அக்கா, இன்னும் நைவேத்யம் ஆகலை. பக்கத்து அடுப்பு மாமி பாத்துண்டிருப்பா, இப்பவே திரும்பிப் போனா..." என்றார்.

"எழுந்துண்டாச்சுடா. மாத்தல் போனாப் போறது. கொழந்தை கெடைச்சுதே, போறும்" என்றாள் அம்மா. வடையைப் பிட்டு வாயில் போட்டாள். முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. ஒரு வடை முடிந்ததும் இன்னொன்று கேட்டாள். ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். எந்தத் தண்ணீர், எத்தனை நாள் எண்ணெய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கானால் மனசு லேசாகிவிட்டது. அம்மாவும் சாப்பிட்டுவிட்டாள். அதுவும் இரண்டு. இனிமேல் அவள் எங்களைத் திட்ட முடியாது, அவளும் எங்கள் கட்சி. கட்சியில் புதிதாகச் சேர்ந்தவளுக்குத் தைரியம் சொல்வது என் கடமை என்று தோன்றியது. அவள் காதருகே போய், "பயப்படாதேம்மா, நீ சாப்ட்டதை நான் அப்பாகிட்ட சொல்லவே மாட்டேன்" என்று கையடித்துச் சத்தியம் செய்தேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்ல மாட்டேன் என்றுதானே சொன்னேன்.