சின்னக்கண்ணுவின் வால்வு மூடி

அகரத்தில் யார் கிணற்றில் எது விழுந்தாலும் சின்னக்கண்ணுவைத்தான் கூப்பிடுவார்கள். அந்தமானில் பதினோரு வருஷம் கடலில் முக்குளிக்கும் வேலை பார்த்துவிட்டு, முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டர் ஒன்றோடு ஊர் திரும்பியவர். மோட்டாரையும் எடுப்பார், பிணத்தையும் எடுப்பார். பிணம் எடுக்கிற கை என்று, நல்ல காரியத்துக்கு மட்டும் ஊர் அவரை மறந்துவிடும். அந்த மறதி ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

சிலிண்டர் சாய்ந்து வால்வு அடிபடாமல் இருக்க, ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டியிருப்பார். தூசி புகுந்தால் தண்ணீருக்குள் மூச்சுக்கே ஆபத்து என்பதால், வால்வின் வாய்க்கு ரப்பர் மூடி போட்டு, மேலே பழைய சுங்குடித் துணியும் சுற்றியிருப்பார். கதவு தட்டும் சத்தம் கேட்டால் கை முதலில் அந்தத் துணிக்குத்தான் போகும்.

போன ஆவணியில் ஒரு காலை அந்தச் சத்தம் கேட்டது. துணியை உருவி, மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "மோட்டாரா, ஆளா?"

வாசலில் அதே தெரு கௌசல்யா, மஞ்சள் தடவிய பத்திரிகையோடு நின்றாள். "ரெண்டும் இல்லண்ணே. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்."

சின்னக்கண்ணு அவசரமாக வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் வாங்கினார்.

"எதுத்த வீடு பூட்டிக் கெடக்கு. அவுக வந்தா இதைக் குடுத்துருங்கண்ணே. செத்த நேரம் நின்னு பேசக்கூட முடியல, வாரேன்."

பத்திரிகையை ஜன்னல் மேல் பத்திரமாக வைத்தார். பிறகு மூடியை ஊதித் தூசி போக்கி, வால்வில் பொருத்தி, துணியை வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினார்.