எட்டு வயது முடிந்திருந்தால் போதும்

அண்ணனுக்கு நாற்பத்தொரு வயது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில், சூளையிலிருந்து வரும் பொம்மைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குகிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். "அவனுக்குக் கொஞ்சம் மந்தம்" என்பார் அம்மா. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி என்றிருந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் பயிற்சியாளர், இளம்பெண்.

"நாப்பத்தொரு வயசு ஆவுதுங்க. சேத்துக்குவீங்களா?"

"எட்டு வயசு முடிஞ்சிருந்தா போதுங்க. அதுக்கு மேல வரம்பு இல்ல. டாக்டர் சர்டிபிகேட் இருக்குதா?"

இல்லை. கடலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கே உளவியலாளர் அம்மா கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். நாங்கள் யாரும் அண்ணனுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. அண்ணன் சரியாகச் சொன்னபோதெல்லாம் எனக்குச் சந்தோஷம். கூடவே, தகுதி இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

"பஸ்ஸுல தனியா போவாரா?"

"இல்லைங்க. வுட்டதே இல்ல."

"போயிருக்கேன்," என்றார் அண்ணன். "நல்லூருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்பண்ணே?"

"நீ காலேஜ் போனப்ப. ஏறுனேன். எறங்கி டீ குடிச்சேன். வந்துட்டேன்."

"இதனால சர்டிபிகேட் கெடைக்காதுங்களா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஒரு பஸ்ஸ வச்சு முடிவு பண்ண மாட்டோம். எல்லாத்தையும் சேத்துதான் பாப்போம்."

சான்றிதழ் கிடைத்தது. திரும்பி வரும்போது, வேறு எங்கெல்லாம் போயிருக்கிறார் என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"அத சொல்ல மாட்டேன்," என்றார்.

மைதானத்தில் பயிற்சியாளர், "என்ன விளையாட்டு புடிக்கும்?" என்று என்னைக் கேட்டார். ஓட்டம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். அவர் நேரே போய் இரும்புக் குண்டைக் கையில் எடுத்தார்.

ஏறக்குறைய ஒரே தூரம் எறிபவர்களைத்தான் ஒரு குழுவாகப் பிரிப்பார்களாம். மாவட்டப் போட்டியில் அண்ணன் ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தார்.

"ரெண்டாவது தடவ நல்லா போச்சில்ல?" என்றார்.

"ஆமாண்ணே."

இப்போது சனிக்கிழமைகளில் பயிற்சிக்காக ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப, மேஸ்திரியிடம் அவரே அனுமதி கேட்கிறார். நான் துணைக்குப் போவதில்லை.