பெரிய எழுத்தில் பொன்னுத்துரை

வலது கை மவுஸைப் பிடித்திருந்தது. இடது கையின் நடுவிரல் கீபோர்டின் மூலையில் ஊன்றி நின்றது. திரையில் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கல்லூரி குரூப் போட்டோ ஒன்று பெரிதாக விரிந்து கிடக்க, இரண்டாவது வரிசையில் நின்ற ஒரு பையனின் தலையைப் பிரித்தெடுக்க, அதன் ஓரமாக வலது கை புள்ளி வைத்துக்கொண்டே போனது. நெற்றிக்கு நாலு புள்ளி. முடி கலைந்திருந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு. காதுக்கு வந்ததும் கை வேகத்தைக் குறைத்தது. மேல் வளைவு, நடு மடிப்பு என்று நிதானமாக இறங்கி, காதுச் சோணையில் அப்படியே நின்றுவிட்டது.

சோணை தொங்கவில்லை, கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெட்டு.

"இந்தக் காதை நான் முன்னாடியே வெட்டியிருக்கேன்" என்றார் ஹுஸ்னா.

பிரிண்டிங் மெஷின் பக்கத்தில் நின்ற கணவர் ரஃபி திரும்பிப் பார்த்தார். "வெளியில ஆளு நிக்குது. சத்தமாச் சொல்லாத, போலீஸ் வந்துரும்."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அவர்களுடைய ஃபிளெக்ஸ் கடை. மெஷின் ரஃபியின் பொறுப்பு, டிசைன் ஹுஸ்னாவின் பொறுப்பு. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவர் ஹுஸ்னா. கல்யாணமாகி பேகம்பூருக்கு வந்த புதிதில், கடையில் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். மறுநாள் காலையில் ஒரு சடங்கு வீட்டுக்கு பேனர் கொடுத்தாக வேண்டும். ரஃபி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, ஹுஸ்னா போய் மவுஸைப் பிடித்தார். அந்த முதல் பேனரில் பெண்ணின் தாய்மாமனுக்கு ஒரு காது இல்லாமல் போயிற்று. பேனர் ஏறிய பிறகுதான் எல்லாரும் பார்த்தார்கள். தாய்மாமன் நேரே கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. காதைப் பிடித்து இழுத்துக் காட்டி, "இருக்கா இல்லையா, நீயே பாத்துச் சொல்லும்மா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று பிடித்தது இந்தக் காதுப் பித்து. பதினெட்டு வருடமாக எத்தனையோ ஆயிரம் முகங்களை வெட்டி ஒட்டிவிட்டார். முடி கொட்டும், கன்னம் உப்பும், மீசை வரும், போகும். காது மட்டும் பள்ளிக்கூடத்துப் படத்திலும் பேரப்பிள்ளை எடுத்த படத்திலும் ஒரே காதாக இருக்கும் என்பது அவர் தானாகக் கண்டுபிடித்த பாடம். எழுத்திலும் அப்படித்தான். அச்சுக்குப் போகும் முன் கடைசி வரியிலிருந்து முதல் வரிவரை தலைகீழாகப் படித்துப் பார்ப்பார். மேலிருந்து படித்தால் கண் தனக்குத் தெரிந்ததைத்தான் படிக்கும் என்பார். வாடிக்கையாளர் பார்த்து 'சரி' என்று சொல்லாத எதையும் மெஷினில் ஏற்ற விடமாட்டார்.

இந்தப் பேனருக்குச் சொல்லியிருந்தவர் பழனிக்குமார். தொப்பம்பட்டிக்காரர், இப்போது கோயம்புத்தூரில் வங்கி அதிகாரி. இரண்டாயிரத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த நாற்பத்தொரு பேர் வரும் ஞாயிற்றுக்கிழமை அதே கல்லூரியில் கூடப்போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அன்றைய முகமும் இன்றைய முகமும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும். கீழ் மூலையில் விளக்குப் படம் போட்டு ஓர் அஞ்சலிக் கட்டம். அதில் துறைத் தலைவர், ஆய்வகத்து அண்ணன், மாணவர்களில் ஒருவர் என்று மூன்று பேர். ஹுஸ்னாவின் கை நின்றது அந்த மூன்றாவது ஆளின் காதில்.

கோப்புகளை ஊர் வாரியாகப் பிரித்து வைப்பது அவர் வழக்கம். அண்மையில் வெட்டிய காது என்று மட்டும் நினைவு சொன்னதால், போன மாதத்து வேலைகளை ஊர் ஊராகத் திறந்துகொண்டே வந்தார். சாணார்பட்டியில் கிடைத்தது. புதுமனை புகுவிழா பேனர். புது வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையோடு, வழுக்கை விழுந்த ஒரு மனிதர் மனைவியோடு கைகூப்பி நிற்கிறார். ஒட்டிய சோணை, அரிசி முனை வெட்டு. கீழே பெயர், பொன்னுத்துரை. அஞ்சலிக் கட்டத்திலும் அதே பெயர்தான்.

ஹுஸ்னா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போன மாதம் வீடு குடிபோனவர் அதற்குள் போய்விட்டாரா? பழனிக்குமாரைப் போனில் கூப்பிட்டு, அந்த நண்பர் எப்போது தவறினார் என்று மட்டும் விசாரித்தார்.

"ரெண்டு வருசம் ஆச்சுங்க" என்றார் பழனிக்குமார். நத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போகும்போது, சாணார்பட்டியில் சுவர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருந்ததாம். அவரே கண்ணால் பார்த்தாராம். இறங்கப் போனவரை முகூர்த்த நேரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. காரிலிருந்தபடியே, பொன்னுத்துரை சேராத வகுப்பு வாட்ஸப் குழுவில் செய்தியைப் போட்டார். பொழுது சாய்வதற்குள் முப்பத்தெட்டுப் பேர் கைகூப்பிவிட்டார்கள். "இறங்கிப் போகலையேன்னு இன்னைக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குதுங்க."

போனை வைத்ததும் ஹுஸ்னா சாணார்பட்டிக் கோப்பை மறுபடி திறந்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அங்கேயே இருந்தது. அவர் செய்ததுதான்.

இறந்தவர் பொன்னுத்துரையின் அப்பா சின்னையா. போஸ்டரின் நடுவில், ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்பில் 'பொன்னுத்துரை' என்று இருந்தது. அதற்குக் கீழே 'அவர்களின் தந்தையார்' என்பது விரல் உயரத்தில். சின்னையா என்ற பெயர் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூலையில் இருந்த சின்னப் படத்துக்குக் கீழே. ஓடுகிற காரிலிருந்து பார்க்கிறவன் எதைப் படிப்பான்?

"நான்தாங்க அவரைக் கொன்னுருக்கேன்" என்று ரஃபியிடம் திரையைக் காட்டினார். ரஃபி கிட்டே வந்து பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தபோது சிரித்துவிட்டார். ஹுஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்துப் பிழையே விடாதவர் என்று பேர் வாங்கியவர் அவர். இதில் ஓர் எழுத்தும் பிழையில்லை, இருந்தும் ஓர் ஆள் காலி. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைத் திரும்ப உயிரோடு அந்தக் கூட்டத்தில் நிறுத்தாவிட்டால் தனக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது.

பொன்னுத்துரைக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

 "எப்ப செத்தேன்?" என்று கேட்டார் பொன்னுத்துரை.

"ரெண்டு வருசமாச்சுண்ணே."

"அதான் ஒரு பயலும் போன் பண்ணலையா" என்று சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் போய் நின்றார். எழுத்தின் அளவைப் பற்றி ஹுஸ்னா வருந்தியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பெரிதாகப் போடச் சொன்னதே தான்தான் என்றார். ஊரில் அப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பொன்னுத்துரை அப்பா என்றால்தான் தெரியும். அதனால் அவர் பேரில் சாவு சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று பயந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று ஹுஸ்னா கேட்டதற்குத்தான் குரல் இறங்கியது. "நான் டிகிரி வாங்கல தங்கச்சி. ரெண்டு பேப்பர் அப்படியே நிக்குது. அவனுக எல்லாம் ஆபீசரு, வாத்தியாரு. நான் மல்லியப் பூவு பறிக்கிறவன். செத்தவனாவே இருந்துட்டுப் போறேன், விடும்மா."

 கல்லூரி வாசலை மிதிக்காதவர் ஹுஸ்னா. பேப்பர் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதுகூட அவருக்குப் பிடிபடவில்லை. எதிரே திரையில் அஞ்சலிக் கட்டத்துக்காகப் பழனிக்குமார் எழுதி அனுப்பியது இருந்தது. அதை அப்படியே படித்தார்.

"ஆய்வகத்தில் சோனாமீட்டர் கம்பியின் சுருதி சேர்ந்தால் அதன் மேல் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழ வேண்டும், எங்கள் யாருக்கும் துள்ளியதில்லை. நண்பன் பொன்னுத்துரை வந்து காதைச் சாய்த்துக் கேட்பான். கம்பிக்கு அடியில் இருக்கும் கட்டையை ஒரு நூல் தள்ளுடா என்பான். தள்ளினால் துள்ளி விழும். எங்கள் பிராக்டிகல் மார்க் அத்தனையும் அவன் காது போட்டது. அந்தக் காதுக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை."

போனில் இரைந்துகொண்டிருந்த கிணற்று மோட்டாரைப் பொன்னுத்துரை நிறுத்தினார்.

"பழனி எழுதினதா?"

"ஆமாண்ணே."

"அவன் கம்பியவே ரெண்டு தடவ அத்துப்புட்டான்."  "செத்தாத்தான் இம்புட்டையும் எழுதணுமா அவனுக்கு?"

"வந்து நேர்லயே கேளுங்க."

விடியற்காலையில் பூப்பறிப்பு முடிந்துவிடும், வாரேன் என்றார் பொன்னுத்துரை. ஒரே ஒரு நிபந்தனை: பழனியிடம் சொல்லக்கூடாது.

அங்கேதான் ஹுஸ்னா மாட்டிக்கொண்டார். வாடிக்கையாளர் பார்க்காமல் அச்சடிக்கக்கூடாது, பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, வேலையை ஒழுங்காகவே செய்தார். அஞ்சலிக் கட்டத்தை இரண்டு பேருக்குச் சுருக்கினார். பொன்னுத்துரையை மூன்றாவது வரிசைக்குக் கொண்டு போய், அன்றைய முகத்துக்குப் பக்கத்தில் புது வீட்டு முகத்தை வைத்து, 'பொன்னுத்துரை, சாணார்பட்டி, மல்லிகை விவசாயம்' என்று போட்டார். தலைகீழாகப் படித்தார். தெரிந்தால் தெரியட்டும் என்று பழனிக்குமாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். அரை நிமிடத்தில் பெருவிரல் ஒன்று வந்து விழுந்தது.

"இந்த மனுசன் இப்பவும் பெரிய எழுத்தை மட்டும்தான் படிச்சிருக்காரு" என்று எரிச்சலோடு போனை மேசையில் வைத்தார் ஹுஸ்னா. ரஃபி மெஷினை ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் பொன்னுத்துரை கடைக்கு வந்துவிட்டார். புதுமனைக்கு எடுத்த அதே வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை நிறைய மல்லிகை. கடையெல்லாம் மணத்தது. கண்ணாடியில் மூன்று தடவை தலை சீவினார், சீவ அதிகம் இல்லை. எட்டு மணிக்குப் பழனிக்குமாரின் கார் சந்து முனையில் நின்றதும், ஹுஸ்னா பேனரை விரித்து ஒரு முனையை ரஃபியிடமும் மறு முனையைப் பொன்னுத்துரையிடமும் கொடுத்தார். பொன்னுத்துரை பேனருக்குப் பின்னால் போய்விட்டார். விரல்கள் மட்டும் தெரிந்தன.

பழனிக்குமார் வந்த வேகத்தில், "வெள்ளிவிழாச் சந்திப்பு" என்று தலைப்பைச் சத்தமாகப் படித்துத் தலையாட்டினார். "அருமைங்க. சுருட்டிக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவனுங்க."

"சின்ன எழுத்தையும் படிச்சிருங்க சார்" என்றார் ஹுஸ்னா.

பழனிக்குமார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசையில் விரல் நின்றது. "ஏனுங்க, இவனை எதுக்குங்க இங்க வச்சீங்க? இவன் பாவம்..."

"கட்டைய ஒரு நூல் தள்ளுடா பழனி" என்றது பேனர்.

 பேனரின் மேல் விளிம்பில் ஒரு வழுக்கைத் தலை எழுந்தது. பழனிக்குமார் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பொன்னுத்துரையின் இடது காதைப் பிடித்துத் திருகினார்.

"வலிக்குதாடா?"

"வலிக்குதுடா."

"அப்பச் சரி" என்றவர், காதை விடாமலே அழுதார், சிரித்தார், பிறகு ரெண்டு வருசம் ஏமாத்திட்டியேடா என்று திட்டினார். போஸ்டர் எழுத்தைப் பற்றி ஹுஸ்னா சொல்ல வாயெடுத்தார். பொன்னுத்துரை கண்ணைக் காட்டித் தடுத்துவிட்டு, காரில் போகும்போது நானே சொல்லிக்கொள்கிறேன், அரை மணி நேரத்துக்கு ஓடும் என்றார். பையிலிருந்து ஒரு கை மல்லிகையை அள்ளி கீபோர்டு பக்கத்தில் வைத்தார்.

ரஃபி ஒரு பக்கமும் ஹுஸ்னா ஒரு பக்கமுமாகப் பேனரைச் சுருட்டினார்கள். மூலையில் ஒரு மடிப்பு விழுந்தது. ஹுஸ்னா அதைப் பிரித்து மறுபடி சுருட்டி, நூலால் இரண்டு இடத்தில் கட்டினார். கனமான சுருள்தான், ஒருவரால் தூக்க முடியும். அவர் அதை ஒருவரிடம் கொடுக்கவில்லை. ஒரு முனையைப் பழனிக்குமாரின் கையிலும் மறு முனையைப் பொன்னுத்துரையின் கையிலுமாகக் கொடுத்தார்.